போர்த்துக்கேயருக்கு முந்திய மட்டக்களப்பை எங்கே போய்ப் பார்ப்பது?

வெள்ளவத்தைப் பிள்ளை

வணக்கம். ஆவணியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மட்டக்களப்புக்கு வருகிறேன். மூன்று நாள் கையில் இருக்கிறது. அம்மா மண்டூரில் பிறந்தவர். கல்யாணம் முடித்து 1978இல் கொழும்புக்கு வந்தார். அதற்குப் பிறகு இரண்டு செத்தவீட்டுக்கு மட்டும் போய் வந்தார். நின்று ஊர் பார்க்கிற காலமாக அது இருக்கவில்லை.

அம்மா சொல்லும் கதைகளில் ஒரு மட்டக்களப்பு இருக்கிறது. ஆற்றங்கரை, துறை, ஓடம், வருடத்தில் சில நாள் மட்டும் கதவு திறக்கும் கோயில், ஏழு நாளும் காப்புக் கட்டி நிற்கும் ஊர். இணையத்தில் தேடினால் கோட்டை, கல்லடிப் பாலம், வெளிச்சவீடு, கடற்கரை என்று நாலு இடம் வருகிறது. அவற்றைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கோட்டை போர்த்துக்கேயர் கட்டியது, பாலம் வெள்ளைக்காரன் கட்டியது. அவர்கள் வருவதற்கு முன்னால் இங்கே ஊர் இருந்திருக்கிறதே, அதை எங்கே போய்ப் பார்ப்பது? கேட்டால் அம்மா, "அது பார்க்கிற சாமானா?" என்கிறார்.

அம்மாவுக்கு முழங்கால் வருத்தம் இருக்கிறது. நெடுக நடக்க ஏலாது. அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

பாலமீன்மடு

நல்வரவு தங்கச்சி. முதல் நாள் காலையில் கோட்டைக்கே போங்கள். பழைய ஊரைத் தேடுகிறவர்களும் அங்கிருந்து தொடங்குவதுதான் நல்லது என்பது என் எண்ணம்.

புளியந்தீவு ஒரு சின்னத் தீவு, சுற்றிலும் வாவி. 1628இல் போர்த்துக்கேயர் அதில் கோட்டை கட்டினார்கள். பத்து வருடம்தான் வைத்திருந்தார்கள். 1638 மே 18இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) பிடித்துவிட்டார்கள். இலங்கையில் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றிய முதல் கோட்டை இதுதான். கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் உடன்படிக்கை செய்ததும் அதே மே மாதம், இதே மட்டக்களப்பில். கரையோர இலங்கையின் அடுத்த நூற்றைம்பது வருடக் கதை இந்தத் துறையில்தான் தொடங்கியது.

இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி. எனக்கு நினைவு தெரிந்த காலம் முழுக்கக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) அதற்குள்தான் இருந்தது. என் அம்மா நிவாரண அட்டைக்கு வரிசையில் நின்றதும் அந்த மதிலடியில்தான். வாவிப் பக்கத்து மதிலில் நின்று தண்ணீரைப் பாருங்கள். ஏன் எல்லோரும் இந்தத் தீவையே பிடித்தார்கள் என்பது அப்போது விளங்கும்.

வெயில் சாயக் கல்லடிப் பாலம். 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலத்தில் இப்போது ஆட்கள் நடக்கிறார்கள், சைக்கிளில் போகிறார்கள். வாகனங்களுக்கு 2013இல் திறந்த புதுப்பாலம் பக்கத்திலேயே இருக்கிறது. பூரணை இரவென்றால் பாலத்துக்குக் கீழே மீன் பாடுவதைக் கேட்கத் தோணி எடுத்துப் போவார்கள். துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு அதன் மறுமுனையைக் காதோடு வைத்துக் கேட்பது பழைய முறை. அமெரிக்க இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் அந்த ஒலியைப் பதிவு செய்திருக்கிறார். நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். தந்திக் கருவியை யாரோ தூரத்தில் சுருதி கூட்டுவதுபோல இருந்தது.

படுவான்கரை

பாலமீன்மடு அண்ணன் சொல்வதில் பிழை இல்லை. ஆனால் பிள்ளை கேட்டது வேறு. வருகிற ஆட்கள் எல்லோரும் புளியந்தீவில் இறங்கி, பாலத்தில் படம் எடுத்து, பாசிக்குடாவுக்குப் போய்விடுகிறார்கள். வாவியைக் கடப்பவர் பத்தில் ஒருவர் கூட இல்லை. பழைய மட்டக்களப்பு தண்ணீருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன். வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். ஏறாவூர்ப் பக்கம் தொடங்கிக் கல்முனைப் பக்கம் வரை போகிறது. பாலமீன்மட்டிலும் கல்லாற்றிலும் கடலோடு சேர்கிறது. புத்தகத்தில் வாவி, களப்பு என்று எழுதுவார்கள். நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அந்த ஆற்றுக்குக் கிழக்கே, கடல் பக்கம் இருப்பது எழுவான்கரை. மேற்கே, வயலும் காடுமாக இருப்பது படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை. கல்லூரி, ஆஸ்பத்திரி, பெரிய கடை எல்லாம் எழுவான்கரையில். நெல்லும் பாலும் தேனும் அங்கே வருவது எங்கள் கரையிலிருந்து.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்கு அம்மாவைக் கூட்டிப் போங்கள். ஆரையம்பதிப் பக்கத்தால் வந்து மண்முனைத் துறையில் ஆற்றைக் கடக்க வேண்டும். 2014இல் பாலம் வந்துவிட்டது. அதற்கு முன்னே "பாதை"தான். பாதை என்றால் தெருவல்ல, வாகனமும் ஆட்களும் ஏறிக் கடக்கும் மிதவை. என் அக்காவுக்குப் பிரசவ நோவு வந்த இரவு பாதை அக்கரையில் நின்றது. ஆள் போட்டுக் கூப்பிட்டு அது வந்து சேரும் வரை அம்மா தண்ணீருக்குள் முழங்காலளவு இறங்கி நின்றார். அந்தப் பாலத்தால் போகும்போது எனக்கு எப்போதும் அதுதான் நினைவு வரும்.

கோயிலின் கதை இது. வேடர் ஒருவர் கொக்கட்டி மரத்தில் தேன் எடுக்க வெட்டினார், மரத்திலிருந்து இரத்தம் பெருகியது, அங்கே லிங்கம் தோன்றியிருந்தது. பிறகு பறங்கிப் படை கோயிலை இடிக்க வந்தபோது, "உங்கள் கல் மாடு புல்லுத் தின்னுமா?" என்று கேட்க, கல் நந்தி எழும்பிப் புல்லைத் தின்றது. ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இந்தக் கதை தெரியும்.

போகும் வழியில் மகிழடித்தீவு வரும். 1991 ஜூன் 12இல் கொல்லப்பட்டவர்களுக்கு அங்கே நினைவிடம் இருக்கிறது. இறங்கி ஒரு நிமிடம் நில்லுங்கள்.

பழைய ஆசிரியர்

வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லலாம் என நினைக்கிறேன்.

மகள் கேட்டது நல்ல கேள்வி. ஆனால் மட்டக்களப்பில் அந்தக் காலத்துக் கட்டடத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். பொலன்னறுவைபோல இடிபாடுகள் கிடையாது. களிமண்ணும் மரமும் கிடுகும் கொண்டு கட்டிய ஊர் இது. வெள்ளமும் புயலும் அடிக்கடி வரும். கல்லில் எழுந்த கோயில் சிலவற்றைப் போர்த்துக்கேயர் இடித்தார்கள்.

பேரைக் கூட நாம் சரியாகக் கவனிப்பதில்லை. இன்று மட்டக்களப்பு என்றால் புளியந்தீவு நகரம். முன்னர் அந்தப் பெயர் வாவியின் தெற்குக் கோடியில், சம்மாந்துறைப் பக்கத்துக்கு உரியதாக இருந்தது. கோட்டை வடக்கே எழுந்த பிறகு பெயரும் வடக்கே வந்தது. ஆகவே பாலமீன்மடு தம்பியின் கோட்டை இந்த ஊரின் இருப்பிடத்தையே மாற்றிய கோட்டை. அதனால்தான் நானும் அதைப் பார்க்கச் சொல்வேன்.

1215இல் கலிங்க மாகன் பொலன்னறுவையைப் பிடித்தான். இருபத்தொரு வருடம் ஆண்டான். சிங்கள, பாளி நூல்கள் அவனைக் கொடியவனாகக் காட்டுகின்றன. நம் பக்கத்து ஏடுகளோ அவனைக் கோயில்களுக்கு ஒழுங்கு வகுத்தவனாக, வன்னிமை என்ற உள்ளூர்த் தலைமைகளையும், குடி என்ற குலப் பிரிவுகளின் உரிமைகளையும் நிறுத்தியவனாகச் சொல்கின்றன. அந்த ஏடுகளை எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் "மட்டக்களப்பு மான்மியம்" என்று பதிப்பித்தார். அதை வரலாறாக அப்படியே எடுக்கக் கூடாது. பல கைகள் பல காலத்தில் எழுதிச் சேர்த்தது. யார் எந்தக் கோயிலில் எந்த மரியாதைக்கு உரியவர் என்று நிலைநாட்டுவதற்காக எழுதப்பட்ட பகுதிகள் அதில் நிறைய. ஆனால் அதுவே அதன் பெறுமதியும். நம் முன்னோர் எதைச் சண்டை பிடித்துக் காக்க வேண்டியதாக நினைத்தார்கள் என்பது அதில் தெரிகிறது.

கல்லில் ஆதாரம் வேண்டுமென்றால் தெற்கே, அம்பாறை மாவட்டத்துக்குப் போக வேண்டும். தம்பிலுவில் கல்வெட்டு என்று பெயர் பெற்ற ஒன்று இருக்கிறது. விசயவாகு தேவரின் பத்தாவது ஆட்சியாண்டில் சிவஞான சங்கரர் கோயிலுக்குக் கொடுத்த கொடையைத் தமிழில் சொல்கிறது. திருக்கோவிலோடு தொடர்புடையது. கோட்டை இராச்சியக் காலத்தது என்பது பொதுவான கருத்து. சில வரிகள்தான். ஆனால் "யாண்டு" என்ற சொல்லை அந்தக் கல்லில் பார்த்தபோது நான் அழுதுவிட்டேன். வகுப்பறையில் முப்பது வருடம் சொல்லிக் கொடுத்த சொல், என் ஊர்க் கல்லில் இருந்தது.

சம்மாந்துறையான்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ஆசிரியர் சேர் எங்கள் ஊரைச் சொன்னது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. இந்த மாதிரிப் பேச்சுகளில் சம்மாந்துறையை யாரும் எடுப்பதில்லை.

சம்மான் என்ற ஓடங்கள் வந்து கட்டிய துறை, அதனால் சம்மாந்துறை என்பார்கள். இப்போது துறை இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் வயல். வாப்பா சின்ன வயதில் காட்டுவார், "இதுவரை தோணி வந்தது" என்று. அவருக்கு அவருடைய வாப்பா காட்டியது.

குடி என்பதைத் தமிழர் கோயில் சம்பந்தப்பட்டது என்று மட்டும் நினைக்க வேண்டாம். எங்களுக்கும் குடி உண்டு, அதுவும் உம்மா வழிதான். பள்ளிவாசல் நிருவாகத்துக்குக் குடிக்கு ஒரு மரைக்காயர், அதாவது பொறுப்பாளர், என்று இருந்தது. வீடு வளவு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் இருப்பார். இந்த விடயத்தில் தமிழரும் சோனகரும் ஒரே அச்சு. சில குடிப் பெயர்கள் இரண்டு பக்கமும் ஒன்றுதான். நடுவில் எங்களுக்குள் நடந்த கொடுமைகளை நான் மறக்கவில்லை, யாரையும் மறக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் ஒரே குடிப் பெயரைச் சொல்லும் இரண்டு கிழவிகள் சந்தையில் ஒருவரையொருவர் "மச்சாள்" என்று கூப்பிட்டதை நான் கேட்டிருக்கிறேன். தங்கச்சி, உம்மாவிடம் அவருடைய குடியைக் கேளுங்கள்.

வெள்ளவத்தைப் பிள்ளை

எல்லோருக்கும் நன்றி. எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்திருக்கிறது.

சம்மாந்துறை நானா, அம்மாவிடம் கேட்டேன். "அதெல்லாம் இப்ப என்னத்துக்கு" என்று எழுந்து போய்விட்டார். அப்பா பருத்தித்துறைக்காரர். வீட்டில் நாங்கள் எப்போதும் பருத்தித்துறை ஆட்களாகத்தான் வளர்ந்தோம். குடி என்றால் என்ன, கோயிலில் அதற்கு என்ன வேலை, யாராவது விளக்கமாகச் சொல்ல முடியுமா? மண்டூர்க் கோயிலைப் பற்றியும்.

படுவான்கரை

சொல்கிறேன். நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் ஒருவரைப் புதிதாகக் கண்டால் இரண்டு கேள்வி வரும். "ஆர்ர பிள்ளை?" "என்ன குடி?" குடி தாய் வழியாக வரும். அம்மாவின் குடிதான் பிள்ளைக்கு. ஒரே குடிக்குள் கல்யாணம் செய்ய மாட்டார்கள். அப்பாவின் குடியில் எடுப்பது விருப்பம், மாமன் மச்சான் உறவு அங்கேதான் வரும்.

கொக்கட்டிச்சோலை, மண்டூர், திருக்கோவில் மூன்றும் தேசத்துக் கோயில்கள். ஓர் ஊருக்குச் சொந்தமானவை அல்ல, சுற்றியுள்ள ஊர்கள் எல்லாம் சேர்ந்த "தேச"த்துக்குச் சொந்தம். வண்ணக்கர் என்று கோயிலைப் பராமரிக்கும் பொறுப்பு சில குடிகளுக்கு. திருவிழாவில் எந்த நாள் எந்த ஊர், எந்தக் குடி, யார் பேர் சொல்லி முதலில் திருநீறு கொடுப்பது, தேர்வடத்தை யார் தொடுவது என்று எல்லாவற்றுக்கும் ஒழுங்கு உண்டு. பேர் சொல்லிக் கூப்பிடும் அந்த நேரத்தில் கூட்டம் எப்படி அமைதியாகிறது என்று பாருங்கள். பிழையான வரிசையில் கூப்பிட்டால் திருவிழாவே நின்றுவிடும். நின்ற கதைகளும் உண்டு, நீதிமன்றம் வரை போன கதைகளும் உண்டு.

மண்டூர்க் கந்தசுவாமி கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். வேல் வழிபாடு. பூசை செய்யும் கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகச் செய்வார், திரை போட்டிருக்கும். தீர்த்தம் ஆவணிப் பூரணையோடு வரும். நீங்கள் ஆவணியில்தான் வருகிறீர்கள், தேதியைப் பார்த்து வந்தால் திருவிழாவே கிடைக்கும். களுவாஞ்சிகுடிக்கு வந்து, குருமண்வெளித் துறையில் பாதை ஏறி அக்கரையில் இறங்கினால் மண்டூர். தெருவாலும் சுற்றி வரலாம். ஆனால் உங்கள் அம்மா அந்தத் துறையால்தான் கல்யாணம் முடித்துப் போயிருப்பார். அதனால் பாதையிலேயே கூட்டி வாருங்கள்.

தாளக்கட்டு

நீண்ட நாளாக இங்கே வாசிக்கிறேன், எழுதியதில்லை. இதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

தேசத்துக் கோயில் எல்லோருக்கும் சொந்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். என் அப்பப்பா பறைமேளம் அடித்தவர். ஒரு பெரிய கோயில் திருவிழாவில் வருடாவருடம் வெளிவீதியில் நின்று அடித்தார். பேரைச் சொல்லப் போவதில்லை. அவருக்கும் அந்தக் கோயிலில் உரிமை இருந்தது. அடிப்பதற்கான உரிமை. வாசலைத் தாண்டி உள்ளே போகும் உரிமை இருக்கவில்லை. பேர் சொல்லித் திருநீறு கொடுக்கும் அந்த வரிசையில் எங்கள் வீட்டுப் பேரை யாரும் கூப்பிட்டதில்லை. மாகன் வகுத்த ஒழுங்கு என்று நீங்கள் பெருமையாகச் சொல்லும்போது, அந்த ஒழுங்கில் எங்களுக்குக் கொடுத்த இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்பா மேளத்தைத் தொடவில்லை. எங்களைத் தொடவும் விடவில்லை. பிள்ளைகள் படித்து வெளியே வர வேண்டும் என்றால் அது கையில் இருக்கக் கூடாது என்று நினைத்தார். அவர் நினைத்தது சரி. நான் இன்று வேலை பார்க்கிறேன், என் பிள்ளைகள் நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். ஆனால் அப்பப்பா வாசித்த அடிகள் ஒன்றும் என்னிடம் இல்லை. சாமி எழுந்தருளும்போது ஒன்று, செத்தவீட்டில் ஒன்று, சடங்கில் ஆள் உருவேறுவதற்கு ஒன்று என்று வேறு வேறாக அடிப்பார். மத்தியகாலம், மரபு என்று பேசுகிறோம். நானூறு ஐந்நூறு வருடமாகக் கைமாறி வந்த அந்தத் தாளமும் மரபுதானே. அதை யாரும் ஏட்டில் எழுதவில்லை.

பழைய ஆசிரியர்

தம்பி, நான் எழுதியதில் இது விடுபட்டது என் பிழை. மான்மியம் உரிமைகளுக்காக எழுதப்பட்டது என்று சொன்ன நான், உரிமை மறுக்கப்பட்டவர்களின் பக்கம் அந்த ஏட்டில் ஏன் இல்லை என்று கேட்டிருக்க வேண்டும். வகுப்பிலும் நான் அதைக் கேட்டதில்லை.

படுவான்கரை

நீங்கள் சொன்னதில் மறுக்க எதுவும் இல்லை. என் பெரியப்பா வண்ணக்கராக இருந்தவர். உங்கள் அப்பப்பாவைப்போல வாசலுக்கு வெளியே நின்றவர்களைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதற்கு "அது முறை" என்று பதில் வந்தது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இப்போது பல கோயிலில் யாரும் யாரையும் தடுப்பதில்லை, ஆனால் பேர் கூப்பிடும் வரிசை மாறவில்லை. அதுவும் மாற வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். வீட்டில் இதைச் சொல்லி வாக்குவாதப்பட்டும் இருக்கிறேன்.

மறுகா வாறன்

கனடாவிலிருந்து எழுதுகிறேன், ஊர் செட்டிபாளையம். அக்கா, உங்கள் அம்மா சொன்ன கதவு திறக்கும் கோயில் கண்ணகை அம்மன் கோயிலாகத்தான் இருக்கும். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். வைகாசியில் கதவு திறந்து, கண்ணகி கதைப் பாடலான வழக்குரை படித்து, பூரணையை ஒட்டிக் குளிர்த்தி ஆடி மூடிவிடுவார்கள். மதுரையை எரித்து வந்தவளின் கோபம் தணியக் குளிர்விப்பது அது. எங்கள் ஊர், காரைதீவு, தம்பிலுவில் என்று கிழக்குக் கரை முழுக்க இருக்கிறது. வழக்குரையைப் பாடும் அந்த நீட்டல், நடு இரவில், வேப்பிலை மணத்தோடு கேட்க வேண்டும். இங்கே பனிக்காலத்தில் வேலையால் வரும்போது அதைத்தான் போட்டுக் கேட்பேன். ஆவணியில் போனால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். வைகாசியில் இன்னொரு முறை வாருங்கள்.

மறுகா, புரட்டாதியில் என்றால் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில். பதினெட்டு நாள், பாரதக் கதையை ஊரே நடிக்கும். பாண்டவர் வனவாசம் போகும்போது தெருவில் நிற்கும் பெண்கள் உண்மையாகவே அழுவார்கள். கடைசியில் தீமிதிப்பு.

சாப்பாட்டுக்கு: எருமைத் தயிர், ஆற்று இறால், கூனிச் சுண்டல். கோயிலுக்குப் போகும் நாளில் மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிட வேண்டாம், அம்மாவே சொல்லுவார்.

பாலமீன்மடு

பயண விடயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு ரயில் எடுங்கள், விடிய மட்டக்களப்பு. அம்மாவின் முழங்காலுக்கு பஸ்ஸைவிட அது நல்லது, ஆசனம் முன்பதிவு செய்துவிடுங்கள். ஆவணியில் கச்சான் காற்று சூடாக அடிக்கும். பத்து மணிக்குப் பிறகு வெளியில் நிற்க ஏலாது, தண்ணீர் கையில் இருக்கட்டும். படுவான்கரைக்கு முழு நாளுக்கு ஓட்டோ பேசிக்கொள்ளுங்கள், போன இடத்தில் திரும்பி வர வாகனம் கிடைப்பது கஷ்டம். கோயிலுக்குள் ஆண்கள் மேலாடை இல்லாமல்தான் போக வேண்டும். படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

திருக்கோவில், தம்பிலுவில் அக்கரைப்பற்றையும் தாண்டி. மூன்று நாளுக்குள் அதையும் திணிக்க வேண்டாம்.

வெள்ளவத்தைப் பிள்ளை

போய் வந்தோம். எழுதக் கொஞ்ச நாள் எடுத்தது.

முதல் நாள் கோட்டை. அண்ணன் சொன்ன மதிலில் அம்மாவை இருத்தினேன். தன் அப்பா காணி உறுதி விடயமாக இங்கே வந்தபோது கூட வந்ததாகச் சொன்னார். அவருக்கு அப்போது எட்டு வயது. அகழியைப் பார்த்து "இதுக்குள்ள முதலை கிடக்குமெண்டு சொல்லித்தான் என்னை ஓடவிடாமப் பிடிச்சு வைச்சிருந்தவர்" என்றார். மாலையில் கல்லடி. ஒல்லாந்தர் பெயரில் இன்னும் இருக்கும் டச்பார் பக்கமும் போனோம். ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் அங்கே வாழ்கிறார்கள், போர்த்துக்கேய மொழி பேசத் தெரிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று ஓட்டோக்காரத் தம்பி சொன்னார். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

இரண்டாம் நாள் கொக்கட்டிச்சோலை. மகிழடித்தீவில் இறங்கி நின்றோம். அம்மா வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு நின்றார், நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் குருமண்வெளித் துறை. திருவிழாக் காலம் என்பதால் பாதை நிறைய ஆட்கள், மோட்டார் சைக்கிள்கள், ஒரு தயிர்ச்சட்டிக் கூடை. அம்மாவுக்கு ஒருவர் எழும்பி இடம் கொடுத்தார். அம்மா இருக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கரையைப் பார்த்தபடியே நின்றார். பாதி தூரத்தில், "அந்தா மருது தெரியுது" என்றார். எனக்கு மரக்கூட்டம் மட்டும்தான் தெரிந்தது. எது மருது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கரை நெருங்க நெருங்க அம்மாவின் பேச்சு மாறியது. வெள்ளவத்தையில் நாங்கள் கேட்காத சொற்கள். பக்கத்தில் நின்ற பெண்ணோடு "என்ன மச்சாள்" என்று தொடங்கினார், முன்பின் தெரியாத பெண்.

கோயிலில் திரைக்கு வெளியே நின்று கும்பிட்டோம். வாய் கட்டிய பூசையைப் பார்த்தேன். அவ்வளவு கூட்டத்திலும் உள்ளேயிருந்து ஒரு சொல் இல்லை, மணிச்சத்தம் மட்டும்.

வெளியே மடத்தில் ஆறுதலாக இருந்தபோது ஒரு பெரியவர் வந்து அம்மாவைப் பார்த்தார். படுவான்கரை அண்ணன் எழுதிய அதே இரண்டு கேள்வி. "ஆர்ர மகள்?" அம்மா தாத்தாவின் பேரைச் சொன்னார். "என்ன குடி?" நான் கேட்டபோது எழுந்து போன அம்மா, ஒரு நொடி கூட யோசிக்காமல் சொன்னார். பெயரை இங்கே எழுதவில்லை, தாளக்கட்டு அண்ணன் எழுதியதை வாசித்த பிறகு எழுத மனம் வரவில்லை. பெரியவர் என் பக்கம் திரும்பினார். "அப்ப இவவும் அதுதான்" என்றார். நாற்பது வருடமாக நான் பருத்தித்துறைக்காரி. அவர் என்னைக் கேட்கவே இல்லை, அம்மாவைக் கேட்டதே போதும் என்று எடுத்துக்கொண்டார்.

பாதையில் திரும்பி வரும்போது அம்மாவிடம், நான் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்றேன். "கொழும்பில அதைச் சொல்லி என்ன செய்யிற? அங்க ஆரும் கேக்கிறதில்லையே" என்றார்.

இன்னொன்று. தெருவால் சுற்றி அனுப்பிய ஓட்டோ வந்து சேரும் வரை ஒரு சின்னக் கோயிலடியில் நின்றோம், அங்கும் திருவிழா. வெளிவீதியில் பறைமேளக்காரர் மூவர். தாளக்கட்டு அண்ணனை நினைத்துக்கொண்டேன். முடிந்த பிறகு மூத்தவரிடம் போய் அடிகளைப் பற்றிக் கேட்டேன். முதலில் நான் ஏன் கேட்கிறேன் என்று விளங்காமல் நின்றார். பிறகு ஒவ்வொன்றாக அடித்துக் காட்டி, பேரும் சொன்னார். அவர் சம்மதத்தோடு கைபேசியில் பதிந்திருக்கிறேன், பதினோரு நிமிடம். அண்ணன், தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். உங்களுக்குப் பாரமாக இருந்தால் கேட்க வேண்டாம்.

பழைய ஆசிரியர்

மகளே, அந்தப் பதினோரு நிமிடத்தின் பிரதி ஒன்றைப் பத்திரமாக வையுங்கள். தேதி, இடம், அவர் விரும்பினால் அவர் பெயர் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள்.

தாளக்கட்டு

கிடைத்தது. நேற்று இரவு பிள்ளைகள் நித்திரையான பிறகு கேட்டேன். பிறகு அப்பாவை எழுப்பிக் கேட்க வைத்தேன். அவருக்கு எண்பத்திரண்டு வயது. முதல் இரண்டுக்கும் பேசாமல் இருந்தார். மூன்றாவது அடி தொடங்கியதும் கட்டில் சட்டத்தில் விரலால் தட்டத் தொடங்கினார். முழுதும் தட்டினார், ஒரு இடத்திலும் பிசகவில்லை. கற்றுக்கொள்ளவே இல்லை என்று எங்களிடம் சொல்லி வந்த மனிதர்.

அந்த மூன்றாவது அடிக்குப் பெரியவர் பேர் சொல்லும் இடத்தில் காற்று இரைந்து, சொல் கேட்கவில்லை. அப்பாவுக்கும் பேர் நினைவில்லை. நீங்கள் அந்தப் பக்கம் திரும்பப் போவீர்களா?

வெள்ளவத்தைப் பிள்ளை

வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறக்கும் நாளுக்குப் போகிறோம், அம்மா இப்போதே நாள் பார்த்து வைத்திருக்கிறார். பெரியவரைக் கண்டு கேட்டு வருகிறேன். முடிந்தால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு நீங்களும் வாருங்கள், குருமண்வெளியில் சேர்ந்தே பாதை ஏறுவோம்.